தலையில் தட்டுப்படும் கட்டி: எது ஆபத்தில்லை, எதற்கு ஓட வேண்டும்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர், தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் தலையைக் குனிந்து, "அக்கா, இந்த இடத்தை ஒருக்கா தொட்டுப் பாருங்கோ" என்பது வழக்கமாகிவிட்டது. சத்திரசிகிச்சை வார்டில் 25 வருடத்துக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வருத்தத்துக்குப் பெயர் வைப்பது டொக்டரின் வேலை. ஆனால் எந்தக் கட்டியைப் பார்த்து ஓட வேண்டும், எதை ஆறுதலாகக் காட்டலாம் என்பது அத்தனை வருடத்தில் கைக்குப் பழகியிருக்கிறது.

வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்குள் ஒரு கிழமையாக அதை அமுக்கியிருப்பார்கள், நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்திருப்பார்கள், ஊசியால் குத்திப் பார்த்தவர்களும் உண்டு. அப்புறம் கட்டி எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்ல முடியாது. எல்லாம் சிவந்து வீங்கிப் போயிருக்கும். ஆகவே முதலில் கையை எடுங்கள். இரண்டு நாள் தொடாமல் விட்டு, பிறகு ஒரே ஒரு தடவை ஒழுங்காகத் தொட்டுப் பாருங்கள். கீழே முதலில் வருகிற அறிகுறிகளோ, அதற்குப் பிறகு நான் "உடனே", "அன்றைக்கே" என்று சொல்கிற எதுவுமோ இருந்தால் அந்த இரண்டு நாளும் இல்லை.

இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே, இப்போதே

தலையில் அடிபட்ட பிறகு திரும்பத் திரும்பச் சத்தி எடுப்பது, எழுப்பக் கஷ்டமான தூக்கம், போகப் போகக் கூடும் தலையிடி, பேச்சுக் குழறுவது, ஒரு கை அல்லது கால் பலவீனமாவது, வலிப்பு, கண்ணின் கருமணிகள் இரண்டும் இரண்டு அளவில் இருப்பது, மூக்காலோ காதாலோ தண்ணீர் மாதிரி வடிவது. இவை தலைக்குள் இரத்தம் கசிவதற்கோ மண்டையோடு வெடித்ததற்கோ அடையாளமாக இருக்கலாம். காதுக்குப் பின்னால் கண்டிப்போன நிறம் தெரிவதும், கண்ணில் அடிபடாமலே இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுப்பதும் அதே கணக்குத்தான்.

1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். பெரியவர்கள் என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு, பிள்ளைகள் என்றால் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. "வீட்டில் இருந்து பார்ப்போம்" என்று ஓர் இரவைக் கடத்துவதுதான் நான் வார்டில் கண்ட பெரிய துக்கங்களுக்குக் காரணம்.

எப்படித் தொடுவது

நடுவிரலையும் சுட்டுவிரலையும் கட்டியின் மேல் மெதுவாக வையுங்கள். நான்கு விஷயம் பார்க்க வேண்டும். எப்போது வந்தது? மெத்தென்றா, ரப்பர் மாதிரியா, எலும்பு மாதிரியா? பக்கவாட்டில் தள்ளினால் நகர்கிறதா? தொட்டால் நோகிறதா, சூடாக இருக்கிறதா? பிறகு வீட்டில் ஒருவரைக் கொண்டு முடியை விலக்கிப் போனில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்தால் அளவு தெரியும். ஒரு மாதம் கழித்து "பெருத்திருக்கா?" என்று டொக்டர் கேட்கும்போது அந்தப் படம்தான் பதில் சொல்லும்.

இன்னொன்று. அதே இடத்தை மற்றப் பக்கத்திலும் தொட்டுப் பாருங்கள், வீட்டில் வேறு ஒருவரின் தலையிலும் தொட்டுப் பாருங்கள். சலூனில் முடியை ஒட்ட வெட்டிய பிறகு, பிடரிக்கு மேலே நடுவில் கல் மாதிரி ஒரு மேடு தட்டுப்படுகிறது என்று பயந்து வந்த இளைஞர்கள் எத்தனையோ பேர். அது பின்மண்டை எலும்பின் இயற்கையான முனை. எல்லோருக்கும் உண்டு, ஆண்களுக்குக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும் எலும்பு மேடும் அப்படித்தான். வருத்தத்தில் உடம்பு மெலிந்தவர்களுக்கு இவை திடீரென்று முளைத்த மாதிரித் தெரியும்.

"எங்கேயோ இடித்திருக்க வேண்டும், ஞாபகம் இல்லை"

ஒரு நாளைக்குள் வந்த கட்டி, தொட்டால் நோவு, மேலே தோல் கண்டியிருக்கிறது என்றால் அநேகமாக இதுதான். பஸ்ஸில் ஏறும்போது கம்பியில், ஓட்டோவில் குனிந்து இறங்கும்போது மேல் சட்டத்தில், சமையலறையில் திறந்து கிடந்த அலுமாரிக் கதவில் இடிப்போம், அந்த அவசரத்தில் மறந்தும் விடுவோம். தலைத்தோலில் இரத்தக் குழாய்கள் மிக அதிகம், அடியில் உடனே எலும்பு. கசிகிற இரத்தத்துக்கு உள்ளே போக இடமில்லாததால் அது வெளியே முட்டை மாதிரிப் புடைக்கிறது. கட்டி பெரிதாக இருப்பதை மட்டும் வைத்து உள்ளே ஆபத்து என்றோ, சிறிதாக இருப்பதால் ஆபத்தில்லை என்றோ முடிவு கட்டாதீர்கள். மேலே சொன்ன அறிகுறிகளைப் பாருங்கள்.

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. நோவுக்குப் பனடோல் போதும். தேய்க்காதீர்கள். இதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் நொந்துவிட்டது. உடைந்த குழாயைத் தேய்த்தால் இன்னும் கசியுமே தவிர, இரத்தம் "கரைந்து" போகாது. அது தன்பாட்டில் ஒன்றிரண்டு கிழமையில் வற்றும்.

வற்றும் வழியில் இரண்டு விஷயம் ஆட்களைப் பயமுறுத்தும். நெற்றியில் பட்ட அடிக்கு, ஒன்றிரண்டு நாள் கழித்துக் கண்ணிமை கறுக்கும். மேலிருந்த இரத்தம் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தால் மட்டும் மேலே சொன்னபடி உடனே ஓடுங்கள். மற்றது, நாலைந்து நாளில் கட்டியின் நடுப்பகுதி தண்ணீராகி, ஓரம் மட்டும் கெட்டியாக நிற்கும். தொட்டால் மண்டையோட்டில் குழி விழுந்த மாதிரி இருக்கும். இதில் மட்டும் விரலை நம்ப வேண்டாம், ஒரு டொக்டரிடம் காட்டிவிடுங்கள்.

வயதானவர்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இருதய வருத்தத்துக்கு வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுக்கிற அம்மாவுக்கு, அப்பாவுக்குத் தலையில் ஒரு புதுப் புடைப்பு இருந்தால், அவர்கள் நன்றாகக் கதைத்துக்கொண்டு இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். வயது போகப் போக மூளை சற்றுச் சுருங்குவதால் அதைச் சுற்றியுள்ள சிறு நாளங்கள் இலேசாக அறுந்துவிடும். இரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, அடிபட்டுச் சில கிழமைகள் கழித்துத் தலையிடி, தடுமாற்றம், மனக் குழப்பம் என்று வெளியே தெரியும். "அப்பாவுக்கு மறதி கூடிவிட்டது" என்று வீட்டில் நினைத்துக்கொண்டு இருப்பார்கள். அந்தப் புடைப்பு வந்த தேதியைக் கலண்டரில் குறித்து வைத்தால், டொக்டருக்கு அது பெரிய துப்பு.

ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 5 சென்ரிமீற்றருக்கு மேல் வீக்கம் இருந்தாலோ, இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நெற்றியில் இல்லாமல் தலையின் பக்கத்திலோ பின்னாலோ சதசதவென்று வீங்கியிருந்தாலோ காட்டாமல் இருக்கக் கூடாது. எலும்பு வெடித்திருக்கலாம்.

"வருடக்கணக்காக இருக்கிறது, நோவு இல்லை, விரலுக்குக் கீழே உருளுகிறது"

வீட்டுக்கு வந்து தலையைக் குனிகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான். பட்டாணி அளவில் தொடங்கி, ஐந்து பத்து வருடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வரும். வழவழவென்று உருண்டையாக, கெட்டி ரப்பர் மாதிரி இருக்கும். தள்ளினால் நகரும். மேலே முடி கொஞ்சம் ஐதாக இருக்கலாம். எங்கள் ஆட்கள் இதைக் கொழுப்புக்கட்டி என்பார்கள். உண்மையில் இது கொழுப்பு இல்லை. முடி வேரின் உறையிலிருந்து கிளம்பும் ஒரு சிறு பை அது. உள்ளே இருப்பது கெரற்றின், அதாவது நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே புரதம். ஆகவே எண்ணெய்ச் சாப்பாட்டை விட்டாலும் கரையாது, கொள்ளு குடித்தாலும் கரையாது.

இந்த வகைக் கட்டிகளில் பத்தில் ஒன்பது தலையில்தான் வரும். பெண்களுக்குக் கூடுதல். குடும்பத்தில் ஓடும், தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர அரைவாசிச் சாத்தியம். என் அம்மாவுக்கு உச்சியில் இரண்டு, அம்மாவின் தங்கைக்கு ஒன்று, எனக்கும் நாற்பது வயதில் வலது காதுக்கு மேலே ஒன்று வந்தது. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கில்தான் மூன்று பேரும் கண்டுபிடித்தோம்.

தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விடலாம். சீப்பில் படுகிறது, ஹெல்மட் போட்டால் நோகிறது, பெருக்கிறது என்றால் எடுத்துவிடுவது நல்லது. அந்த இடத்தில் விறைப்பு ஊசி போட்டு, தோலைச் சிறிதாகக் கீறி, பையை உடையாமல் முழுதாக வெளியே எடுப்பார்கள். பையின் சுவரில் ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் திரும்ப வரும். அம்மாவுக்கு அதுதான் நடந்தது. ஒரு தனியார் இடத்தில் கீறி, உள்ளிருந்ததைப் பிதுக்கி எடுத்துவிட்டு "முடிந்தது" என்று அனுப்பினார்கள். எட்டாவது மாதம் அதே இடத்தில் அதே அளவில் கட்டி. இரண்டாவது தடவை தழும்புக்குள்ளே தேடி எடுப்பது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

இதையே வீட்டில் பிதுக்கினால் பை தோலுக்கு அடியில் வெடிக்கும். உள்ளிருந்தது சதையில் பரவி, சிவந்து, சூடேறி, இரவு தலையணையில் தலை வைக்க முடியாது. அப்படியாகிவிட்டால் உடனே வெட்டி எடுக்கவும் மாட்டார்கள். முதலில் அழற்சியைத் தணித்து, சில கிழமைகள் கழித்துத்தான் பையை எடுப்பார்கள்.

கட்டியின் நடுவில் கரும்புள்ளி மாதிரி ஒரு துளை இருந்து, அதிலிருந்து நாறும் பாலாடைக்கட்டி போன்றது வந்தால் அது வேறு வகைப் பை. தலையைவிட முகத்திலும் கழுத்திலும் முதுகிலும் அதிகம் வரும். செய்ய வேண்டியது மேலே சொன்னதேதான்.

"மெத்தென்று, பிசைந்த மா மாதிரி"

உண்மையான கொழுப்புக்கட்டி இதுதான். அமுக்கினால் உள்வாங்கும், நோகாது, வருடக்கணக்கில் மெதுவாக வளரும். நெற்றியில் வருவது சில வேளை தசைக்கு அடியில் ஒளிந்திருக்கும், அப்போது அவ்வளவு மெத்தென்று தெரியாது, அதிகம் நகராது. அழகுக்காக எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம்.

"எலும்பு மாதிரி, அசையவே இல்லை"

நெற்றியில் பாதிப் பாக்கு ஒட்டி வைத்த மாதிரி, மேலே தோல் தாராளமாக நகர்ந்து, கட்டி மட்டும் நகராமல் இருந்தால் எலும்பிலிருந்தே வளர்ந்த மேடாக இருக்கலாம். பெரும்பாலும் தீங்கில்லாதது. எக்ஸ்ரேயிலோ சிடி ஸ்கானிலோ தெரிந்துவிடும். ஒன்றுக்கு மேல் இருந்தால், அதிலும் தாடை எலும்பிலும் இருந்தால், டொக்டரிடம் குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடலில் கட்டி இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த எலும்பு மேடுகளும் குடலில் வளரும் பொலிப்புகள் என்ற சதை முளைகளும் ஒன்றாக ஓடும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அரிது, ஆனால் முன்கூட்டித் தெரிந்தால் உயிரைக் காக்கும்.

"காதுக்குப் பின்னால், பிடரியில், கடலை மாதிரி"

நெறி கட்டியிருக்கிறது. தலைத்தோலில் எங்கோ கிருமி இருக்கிறது என்பதற்கு அடையாளம். பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளை என்றால் முதலில் பேன் பாருங்கள். சொறிந்து புண்ணாகி அதில் கிருமி ஏறியிருக்கும். பொடுகு முற்றினாலும் வரும். காய்ச்சலோடும் உடம்பில் சிவந்த தடிப்புகளோடும் வந்தால் ரூபெல்லா என்ற ஜேர்மன் அம்மையையும் நினைக்க வேண்டும். 9 மாதத்திலும் 3 வயதிலும் அதைத் தடுக்கப் போடுகிற எம்எம்ஆர் ஊசி தவறிப்போனதா என்று பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைப் பாருங்கள். காரணம் தீர்ந்தால் நெறி இரண்டு மூன்று கிழமையில் சுருங்கும். ஆறு கிழமை கழிந்தும் நின்றால், 2 சென்ரிமீற்றருக்கு மேல் போனால், கல் மாதிரி இறுகினால், கூடவே இரவு வியர்வை, மெலிவு இருந்தால் காட்ட வேண்டும்.

காது வலியோ காதில் சீழோ இருந்த பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் சிவந்து வீங்கி, காது மடல் முன்னால் தள்ளி நின்றால் அது நெறி இல்லை. காதின் கிருமி எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. அன்றைக்கே வைத்தியசாலை. அதே மாதிரி, பீனிசத்தால் அவதிப்படும் ஆளுக்கு, அதிலும் பதின்ம வயதுப் பிள்ளைக்கு, நெற்றி மெத்தென்று வீங்கித் தலையிடியும் காய்ச்சலும் இருந்தால் அதுவும் அன்றைக்கே. நெற்றி எலும்பு சீழ் பிடிக்கும் இந்த நிலையை லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். சீழ் மூளைப் பக்கம் போகக் கூடியது.

"சிவந்து, சூடாக, சீழ் வைத்து"

முடிவேரில் கிருமி ஏறிய பருவோ கட்டியோ. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில், வியர்த்த தலையில் நாள் முழுக்க ஹெல்மட் போடுகிறவர்களுக்கு அடிக்கடி வரும். வெந்நீரில் நனைத்த துணியால் ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை ஒத்தடம் கொடுங்கள், ஹெல்மட்டின் உள் துணியைத் துவையுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் வந்தாலோ சிவப்புப் பரவினாலோ டொக்டரிடம் போங்கள்.

சலூனில் பிடரியைப் பிளேட்டால் ஒட்ட வழித்த பிறகு பரு பருவாக வந்து, பிறகு கெட்டியான தழும்பு மேடாகிறவர்களுக்கு, வழிப்பதை நிறுத்தினாலே பாதி குறையும்.

சிறு பிள்ளையின் தலையில் சொதசொதவென்று ஒரு வீக்கம், மேலே பல துளைகளில் சீழ், முடியைப் பிடித்தால் நோகாமல் கையோடு வருகிறது என்றால் கவனம். பார்ப்பதற்குச் சீழ்க்கட்டி மாதிரியே இருக்கும், உண்மையில் அது படர்தாமரைப் பூஞ்சை. வீட்டில் பூனைக்குட்டி இருந்தால், அதற்கும் அங்கங்கே முடி கொட்டியிருந்தால், சந்தேகம் கிட்டத்தட்டத் தீர்ந்தது. இதைக் கீறக் கூடாது. அன்டிபயோட்டிக் மாத்திரை மட்டும் தந்தால் கேட்காது, மேலே கிறீம் பூசியும் சரிவராது. பூஞ்சைக்கான மருந்தை வாயால் கிழமைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிந்தினால் அந்த இடத்தில் முடி முளைக்காமலே போய்விடும். பிள்ளையைத் தோல் வைத்தியரிடம் காட்டும்போது பூனையைப் பற்றிச் சொல்ல மறக்காதீர்கள்.

"ஒரே இரவில் நெற்றியெல்லாம் வீங்கிவிட்டது"

கடந்த மூன்று நாளில் தலைக்கு டை அடித்தீர்களா? கறுப்பு டையில் இருக்கும் பிபிடி என்ற இரசாயனம் சிலருக்கு ஒவ்வாது. தலை அரிக்கும், நீர் கசியும், வீக்கம் நெற்றி வழியாக இமைக்கு இறங்கிக் கண்ணே திறக்காது. பத்து வருடமாக அடித்த அதே டைதான் என்பது பதில் இல்லை, ஒவ்வாமை எந்த வருடத்திலும் தொடங்கலாம். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி டொக்டரிடம் போங்கள், இனி அந்த டையின் பக்கம் போகாதீர்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ 1990. குளவி கொட்டியதற்கும் இதே விதி.

"31ஆம் நாள் மொட்டையடித்தபோது கண்டோம்"

துடக்குக் கழிவு நாளில் பிள்ளையின் தலையை வழித்ததும் ஒரு பக்கத்தில் மேடு தெரிகிறது என்று நடுங்கிப் போகும் இளம் தாய்மார் உண்டு. பிறக்கும்போது தலை நெருக்கப்பட்டு, எலும்புக்கும் அதன் மேல் சவ்வுக்கும் இடையில் இரத்தம் தேங்கியதாக இருக்கலாம். ஒரு எலும்பின் எல்லையைத் தாண்டாது. ஓரம் கெட்டியாகி, சில மாதங்களில் தானாகத் தட்டையாகும். எண்ணெய் போட்டு அமுக்கித் தலையை "உருட்டி எடுக்க" யாரையும் விடாதீர்கள், ஊசியால் உறிஞ்சவும் கூடாது, கிருமி போகும். தேங்கிய இரத்தம் உடையும்போது மஞ்சள் கூடலாம் என்பதால் முதல் நாட்களில் தோல் நிறத்தைப் பார்க்க வேண்டும். பிறந்த உடனே இருந்து இரண்டு மூன்று நாளில் மறையும் பொதுவான வீக்கம் வேறு, அது சும்மா நீர்.

ஆனால் பிறந்த முதல் நாளில் தலை முழுவதும் தளதளவென்று வீங்கிக்கொண்டே போய்ப் பிள்ளை வெளிறினால், அதிலும் பிரசவத்தில் தலையில் வக்கியூம் என்ற உறிஞ்சு கருவி வைத்து எடுத்த பிள்ளை என்றால், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

புருவத்தின் வெளி முனையில் பிறந்ததிலிருந்தே பட்டாணி மாதிரி இருப்பது பெரும்பாலும் தீங்கில்லாத பை. அதே மாதிரி ஒன்று மூக்கின் மேலோ தலையின் நடுக்கோட்டிலோ இருந்தால், ஸ்கான் எடுக்காமல் கத்தி வைக்க விடாதீர்கள். உள்ளே மூளை வரை தொடர்பு இருக்கக் கூடும்.

"நாடி மாதிரித் துடிக்கிறது"

நெற்றிப்பொட்டில் கிரிக்கெட் பந்து பட்டு, சில கிழமை கழித்து அங்கே துடிக்கும் கட்டி வந்தால் இரத்தக் குழாயின் சுவர் பிய்ந்து புடைத்திருக்கிறது. யாரும் ஊசி போடவோ கீறவோ கூடாது, நேரே சத்திரசிகிச்சை நிபுணர். ஐம்பது வயதுக்கு மேல், நெற்றிப்பொட்டில் கயிறு மாதிரித் தடித்து நோகிறது, சாப்பாட்டை மென்றால் தாடை வலிக்கிறது, பார்வை மங்குகிறது என்றாலும் அன்றைக்கே. குழாயின் அழற்சி கண் பார்வையைப் பறிக்கக் கூடும்.

"சில மாதத்தில் பெருத்துவிட்டது, ஆறாத புண்"

நான்கு கிழமைக்கு மேல் ஆறாத புண், தொட்டால் இரத்தம் கசியும் மேடு, மாதத்துக்கு மாதம் வளரும் கெட்டிக் கட்டி, எலும்போடு ஒட்டிய புதுக் கட்டி. இவற்றில் எது இருந்தாலும் டொக்டரிடம் காட்டுங்கள். கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. வழுக்கைத் தலையோடு வெயிலில் பல வருடம் வேலை செய்தவர்கள் அலட்சியம் பண்ண வேண்டாம். முன்பு மார்பிலோ நுரையீரலிலோ தைரோயிட்டிலோ சிறுநீரகத்திலோ புற்றுநோய்க்கு வைத்தியம் செய்தவர்களுக்குத் தலையில் புதிதாக எது வந்தாலும் அதே கிளினிக்கில் காட்ட வேண்டும், மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் பார்த்தவர்கள் என்றால் மஹரகமவுக்கே போய்.

எங்கே, எப்படிக் காட்டுவது

அவசரமில்லாத கட்டிக்கு நேரே பெரிய நிபுணரைத் தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணி ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. குடும்ப வைத்தியரிடம் காட்டி ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போகலாம், காசு இல்லை. விடியவே போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அதற்கு ஒரு சாப்பாட்டுப் பொதி கட்டிக்கொண்டு போங்கள். போனில் எடுத்த படம், எடுக்கிற குளிசைகளின் பெயர், ஒவ்வாத மருந்து, முதலில் கண்ட மாதம், இவ்வளவையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொண்டுபோனால் டொக்டருக்குக் கிடைக்கும் சில நிமிடமும் வீணாகாது. போவதற்கு முதல் நாள் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள்.

வெட்டி எடுத்தால் தையல் பிரிக்க ஏழு முதல் பத்து நாள். தலையில் இரத்தம் அதிகம் ஓடுவதால் முதல் இரவு தலையணை உறையில் ஒரு சிறு கறை படியலாம். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால் திரும்பப் போங்கள். எடுத்த கட்டியைப் பயொப்சிக்கு, அதாவது ஆய்வுகூடச் சோதனைக்கு, அனுப்பினார்களா என்று வீட்டுக்கு வரும் முன்பே கேளுங்கள். அந்த ரிப்போர்ட் சில கிழமை கழித்துத்தான் வரும், நீங்களே திரும்பப் போய்க் கேட்டு வாங்குங்கள்.